பதினேழாம் நம்பர் மிஷின் ஓடியது

அந்த நூல் மில்லில் நான் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். அதில் ஒரே ஒரு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது அந்த நினைப்பு வந்துவிட்டால் பாதியில் கையைக் கழுவிவிடுவேன். "வெஞ்சனம் நல்லா இல்லையா?" என்று மனைவி கேட்பாள். தொட்டுக்கொள்ள வைத்ததில் ஒரு குறையும் இருக்காது.

திண்டுக்கல்லிலிருந்து வடக்கே போகிற சாலையில், திரும்பிப் பார்த்தால் மலைக்கோட்டை கைப்பிடி அளவுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தது மில். தொண்ணூறுகளின் பிற்பாதி அது. மீட்டர், டைமர், ரிலே என்று மின்சாரத்தில் சின்னதாக எது இருந்தாலும் என் தலையில் கட்டுவார்கள். மிஷின் ஓடும் கூடத்துக்குள் நுழைந்தாலே உடம்பு பிசுபிசுக்கும். நூல் அறுந்துபோகாமல் இருக்கக் காற்றில் நாள் முழுக்க ஈரத்தைக் கலந்து ஊதிக்கொண்டே இருப்பார்கள். அந்த ஈரத்தில் பஞ்சுத் தூசி மிதந்து வந்து கண்ணிமையிலும் மூக்கிலும் டிபன் பாக்ஸ் மூடியிலும் அப்பிக்கொள்ளும். துடைத்தால் போகாது, இழுபடும். சம்பளத்துக்காகச் சகித்துக்கொண்டோம்.

நூல் நூற்கும் பகுதிக்கு ஸ்பின்னிங் மாஸ்டர்தான் ராஜா. எங்கள் மாஸ்டருக்கு ஓர் ஆசை இருந்தது. இருபத்து நான்கு மிஷினில் எது எப்போது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதைத் தன் அறையில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ள வேண்டும். மிஷினுக்கு ஒன்று என்று பதிவுக் கருவி வாங்க முதலாளி சம்மதிக்கவில்லை. ஸ்டோரில் பழைய கருவி ஒன்று கிடந்தது. அதில் சுருள் தாள் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். பேனா ஒரு புள்ளியையும் பக்கத்தில் ஒரு நம்பரையும் குத்தும்.

"இந்த ஒண்ண வச்சு இருபத்து நாலையும் பாக்க முடியாதா?" என்றார்.

முடியும் என்றேன். அந்த வயதில் யார் எதைக் கேட்டாலும் முடியும் என்பேன்.

ஒரு தகரப் பெட்டிக்குள் இருபத்து நான்கு ரிலேக்களை வைத்தேன். ரிலே என்பது மின்சாரத்தால் மூடித் திறக்கிற குட்டி சுவிட்சு. ஒவ்வொரு மிஷினிலிருந்தும் ஒரு ஜோடிக் கம்பி பெட்டிக்கு வரும். மிஷின் ஓடினால் கம்பியில் கொஞ்சம் வோல்ட் இருக்கும். நின்றுவிட்டால் கம்பி எதிலும் சேராமல் சும்மா தொங்கும். ரிலேக்கள் ஒன்றன் பின் ஒன்றாக டக், டக் என்று அடித்து ஒவ்வொரு மிஷினையும் பேனாவோடு இணைக்கும். ஓடுகிற மிஷின் என்றால் புள்ளி தாளின் வலது பக்கம் விழும். நின்ற மிஷின் என்றால் இடது ஓரத்தில் விழும். இவ்வளவுதான் விஷயம்.

ஆரம்பத்தில் அது என்னைப் படாதபாடு படுத்தியது. நாலாம் நம்பரை நிறுத்தினால் பேனா இடது ஓரத்துக்குப் போகாமல் நடுத்தாளில் தத்தளித்தது. மூன்றாம் நம்பரின் மிச்சம் நாலுக்கும் ஒட்டிக்கொண்டு வந்தது. இதை நாங்கள் கிராஸ்டாக் என்போம். அந்தக் காலத்து டெலிபோனில் நம் பேச்சுக்கு நடுவில் வேறு யாரோ பேசுவது கேட்குமே, அதேதான். ரிலே மாறியதும் கொஞ்சம் பொறுத்துப் புள்ளி வைக்கும்படி செய்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவில் பேனாவின் லைனை எர்த்தில் தட்டி மிச்சத்தை வடியவிட்டேன். ரிலேயை இயக்கும் கம்பிகளையும் மிஷினிலிருந்து வரும் கம்பிகளையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தேன், மடையன். அதைப் பிரித்துத் தனித்தனிப் பாதையில் விட்டேன். ஜோடிக் கம்பிகளை முறுக்கினேன். மூன்று வாரத்தில் ஒரு மிஷினின் சத்தம் இன்னொன்றில் கேட்காமல் செய்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் விட்டேன். ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்துவிட்டால், மிஷின் நின்றபோது கம்பி அந்தரத்தில் தொங்காது, பூஜ்யத்தில் இருக்கும். மறுபடியும் இருபத்து நான்கு இடத்தில் பற்றவைக்கச் சோம்பலாக இருந்தது. பெட்டிதான் சுத்தமாக இருக்கிறதே, எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. நான் கத்தோலிக்கன் என்றாலும் மில்லில் எனக்குப் பிடித்த நாள் அதுதான். நிலக்கோட்டைப் பூ கூடை கூடையாக வந்து இறங்கும். மிஷின்களைக் கழுவித் துடைத்து மாலை போடுவார்கள். அன்று ஒரு நாள்தான் அந்தக் கூடம் நாற்றமில்லாமல் இருக்கும். பொரியும் சுண்டலும் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவேன். ஆனால் அதற்கு முந்தின வருஷம் எங்கள் ஷிப்ட் மேஸ்திரி எல்லோர் முன்னாலும் என் மேஜையைப் பார்த்துவிட்டு, "என்னப்பு, வேதக்காரர் சாமானுக்கு மட்டும் பொட்டு இல்லையா?" என்று கேட்டுச் சிரித்திருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்தத் தடவை மாஸ்டர், "உங்க பெட்டிக்கும் வச்சுருங்க, ஒண்ணு விடாம வைங்க" என்றார். வேறு யாராக இருந்தாலும் மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பொரி தின்னப் போயிருப்பார்கள். நான் மூடியைத் திறந்தேன். பன்னீரில் குழைத்த சந்தனத்தை இருபத்து நான்கு ரிலேக்களுக்கும் வைத்தேன். அதோடு விட்டேனா? கம்பிகளைத் திருகி முடுக்கிய பித்தளைத் திருகுகள் வரிசையாக இருக்கும் பட்டையிலும், திருகுக்கும் திருகுக்கும் நடுவில், ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி வைத்தேன். அதன் மேல் குங்குமம். ஒரு பயல் என்னைக் குறை சொல்ல முடியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வைத்தேன்.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "பரவால்லையே, எங்காளுகளே இம்புட்டு பக்தியா வைக்கலையே" என்றார். நான் பல்லைக் காட்டினேன். அந்த இளிப்பை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே ஒன்று போட வேண்டும்போல இருக்கிறது.

பூஜைக்குப் பிறகு தாள் அழகாக வர ஆரம்பித்தது. புள்ளிகள் எல்லாம் வலது பக்கமே விழுந்தன. இடது ஓரம் வெறுமையாக இருந்தது. மாஸ்டர் தாளைக் கிழித்துக்கொண்டு போய் முதலாளியிடம் காட்டிவிட்டு வந்தார். "சாமி கும்புட்டதுல இருந்து மிஷின் நிக்கவே மாட்டேங்குது, பாத்தீங்களா?" என்று என்னிடம் சொன்னார். கழுவித் துடைத்ததால் மிஷின்கள் நன்றாக ஓடுகின்றன என்று நானும் நினைத்துக்கொண்டேன். பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதினேழாம் நம்பர் மிஷினைப் பார்த்துக்கொண்டவர் கன்னிவாடிப் பக்கத்துப் பெண். வயது முப்பத்தைந்து இருக்கலாம். அந்த வேலைக்கு சைடர் என்று பெயர். ஓடும் மிஷினின் ஓரமாக நடந்துகொண்டே அறுந்த நூலைப் பிடித்து ஒட்டிவிட வேண்டும். எட்டு மணி நேரமும் நடைதான். அவர் ஊரிலிருந்து அவரோடு சேர்த்து ஏழு பெண்கள் மில் வேனில் வருவார்கள். அந்த ஏழு பேரில் அவருடைய நாத்தனாரும் ஒருத்தி. மில்லில் அவருக்கு ஒன்று நடந்தால் அவர் வீடு போய்ச் சேர்வதற்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

பூஜை முடிந்து பத்து நாள் இருக்கும். காலை ஷிப்டில், டீ நேரம் முடிந்த கையோடு, பதினேழாம் நம்பரின் பெல்ட் அறுந்துபோனது. மாட்ட வேண்டிய ஃபிட்டர் மில்லில் இல்லை. மாஸ்டர் வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று அவரை அங்கே அனுப்பியிருந்தார்கள். அவர் திரும்பி வந்து பெல்ட் மாட்டியபோது ஷிப்ட் முடியப் போகிற நேரம். அதுவரை அந்தப் பெண் நின்ற மிஷினைத் துடைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். "நின்னதை நோட்டுல எழுதாதம்மா, ஃபிட்டர் எங்கன்னு கேப்பாக. நான் பாத்துக்கிறேன்" என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அவரும் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்து, பதினேழாம் நம்பரில் அன்றைக்குப் பாதி நூல்தான் வந்திருக்கிறது என்று எடை போடும் பிரிவிலிருந்து முதலாளி ஆபீசுக்குச் சீட்டுப் போனது. முதலாளி மாஸ்டரைக் கேட்டார். ஃபிட்டர் என் வீட்டில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எந்த மாஸ்டர் சொல்லுவார்? என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாளை எடுத்துப் பார்த்தார். பதினேழாம் நம்பருக்கு ஷிப்ட் முழுக்க வலது பக்கம் கோடு பிடித்ததுபோலப் புள்ளிகள். ஒரு நிமிஷம் கூட நிற்கவில்லை.

"மிஷின் ஓடியிருக்கு. நூல் இல்ல. அப்ப நூல் எங்க போச்சு?" என்றார் மாஸ்டர். கேட்கும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன். அன்றைக்கு பெல்ட் அறுந்தது அவருக்குத் தெரியாது என்று யாராவது சத்தியம் செய்தாலும் நான் நம்ப மாட்டேன்.

அதற்கு மேல் நடந்ததை எழுதவே கூசுகிறது. பெண்கள் உடை மாற்றும் அறையில் அவருடைய பையைத் தரையில் கொட்டினார்கள். மாற்றுச் சேலையை உதறினார்கள். சோற்றுப் பாத்திரத்தையும் திறந்து கரண்டிக் காம்பால் கிளறிப் பார்த்தார்கள். சோற்றுக்குள் நூலைப் புதைத்துக்கொண்டு போவார்கள் என்று எந்த மடையனுக்குத் தோன்றியதோ தெரியவில்லை. அதுவும் நடந்ததாகச் சொன்ன திருட்டுக்கு இரண்டு நாள் கழித்துச் சோதனை. மற்ற ஆறு பெண்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் அறையில் அவர், "மிஷின் நின்னு கெடந்துச்சு சார். பெல்ட் அந்து போச்சு. மேஸ்திரி அண்ணன்கிட்ட கேளுங்க" என்றார்.

மேஸ்திரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பத்து நிமிஷம் நின்னுருக்கும் சார். அம்புட்டுத்தான்" என்றார்.

மாஸ்டர் வாசலில் நின்ற என்னை உள்ளே கூப்பிட்டார். "உங்க பெட்டி பொய் சொல்லுமா?" என்று கேட்டார். பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனேன்.

பதினேழாம் நம்பரிலிருந்து வரும் கம்பியை மிஷின் பக்கமே கழற்றினேன். இப்போது அந்தக் கம்பியில் ஒன்றுமே கிடையாது. பேனா இடது ஓரத்துக்குப் போயாக வேண்டும். பதினேழாம் ரிலே டக் என்றது. புள்ளி வலது பக்கம் விழுந்தது. பக்கத்து இடங்களான பதினாறையும் பதினெட்டையும் கழற்றினேன். உடனே பதினேழு இடது ஓரத்தில் போய் விழுந்தது. அண்டையில் ஓடும் மிஷின்களின் வோல்ட்தான் நின்ற மிஷினின் கம்பிக்குள் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தப் பெண் சொன்னது அத்தனையும் நிஜம்.

மூடியைத் திறந்தேன். பன்னிரண்டு நாளைய சந்தனம் அந்த ஈரக்காற்றில் காயவே இல்லை. குங்குமம் கரைந்து திருகுக்குத் திருகு ஓடியிருந்தது. அதன் மேல் பஞ்சுத் தூசி படிந்து, ஊறி, சளிபோலக் கிடந்தது. பித்தளைத் திருகுகளைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. புளித்த வாடை அடித்தது. சந்தனத்தின் மேல் குற்றமில்லை. அதைக் கொண்டுபோய் அங்கே அப்பியது என் விரல்.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். மூடியை அப்படியே திறந்துபோட்டு, மாஸ்டரையும் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து, கம்பியைக் கழற்றி, பேனா பொய்ப் புள்ளி வைப்பதைக் கண்ணெதிரே காட்டியிருக்க வேண்டும். நான் ஸ்பிரிட் பாட்டிலையும் பழைய பல் துலக்கும் பிரஷையும் எடுத்தேன். கோளாறைப் பார்த்தால் கை தானாகச் சரி செய்யப் போகும், அது தொழில் பழக்கம் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். தேய்க்கத் தேய்க்க என் தலைக்குள் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. வைத்தவன் யார் என்று கேட்பார்கள். பொட்டு வைத்ததால் கெட்டது என்று ஒரு வேதக்காரன் சொன்னால் மேஸ்திரி என்ன பேசுவார்? முதலாளியிடம் காட்டிய அழகான தாள்கள் எல்லாம் பொய் என்றால் மாஸ்டர் என்னை விடுவாரா? இதையெல்லாம் நினைத்துக்கொண்டே இண்டு இடுக்கு விடாமல் தேய்த்தேன்.

துடைத்து முடித்துச் சோதித்தேன். பதினேழு சரியாக இடது ஓரத்தில் விழுந்தது. பக்கத்து மிஷின்களின் வாசனை கூட இல்லை. அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சந்தனமும் குங்குமமும் ஈஷிய துணியைக் கழிவுப் பஞ்சுத் தொட்டியில் போட்டேன். அதோடு அவருக்கு இருந்த ஒரே சாட்சியும் போனது. மறுபடி கொஞ்சம் சந்தனத்தைக் குழைத்து அதே இடத்தில் வைத்துக் காட்டலாம் என்பது மாஸ்டர் அறைக்கு நடக்கும்போதே தோன்றியது. தோன்றியும் நடந்துகொண்டே இருந்தேன்.

அறையில் மூவரும் நான் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே இருந்தார்கள். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தார்.

"பெட்டி எப்புடி இருக்கு?" என்றார் மாஸ்டர்.

"இப்ப சரியா இருக்கு சார்."

அந்த மனுஷன் சாமர்த்தியசாலி. "இப்பன்னா? முன்னாடி?" என்று கேட்டார். கதவைத் திறந்துவிட்டதுபோலத்தான் அந்தக் கேள்வி. அவர் கண் மட்டும் வேறு சொன்னது.

"உள்ள கொஞ்சம் தூசி இருந்துச்சு சார். துடைச்சு வச்சுட்டேன்."

"தூசிதான?"

"தூசிதான் சார்."

மேஸ்திரி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மாஸ்டர் அந்தப் பெண்ணிடம் திரும்பி, போலீசுக்குப் போகாமல் விடுவதே பெரிய மனசு என்றார். சொந்தக் காரணத்தால் வேலையை விட்டு நிற்கிறேன் என்று எழுதிய தாளை நீட்டினார்கள். அவர் எழுத்துக் கூட்டி மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். அவர் போட்டு முடிக்கும்வரை நாங்கள் மூன்று ஆம்பிளைகளும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வாரக் கடைசியில் நான் பெட்டியைத் திரும்பப் பிரித்தேன். இருபத்து நான்கு கம்பிக்கும் ரெசிஸ்டர் வைத்தேன். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஒரு திருகைக் காலியாக விட்டு அதை எர்த்தில் கட்டினேன். மூடிக்கு ரப்பர் விளிம்பு வைத்துப் பூட்டுப் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு மிஷினின் குரல் இன்னொன்றில் கேட்டதே இல்லை. நல்ல வேலை என்று முதலாளி கைகுலுக்கினார். அவர் கையில் பவுடர் வாசனை அடித்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் வந்து, பெட்டி பழைய இரும்புக்குப் போனது. நானும் மில்லை விட்டு ஊருக்குள் ரிப்பேர் கடை வைத்தேன். இந்தக் கதையை இரண்டே பேரிடம் சொல்லியிருக்கிறேன். சர்ச்சில், பாவசங்கீர்த்தனத்தில், சாமியாரிடம் ஒரு தடவை. மன்னிப்புக் கொடுத்து ஜெபம் சொல்லச் சொன்னார். மனைவியிடம் ஒரு தடவை. "நீங்க என்ன செய்ய முடியும், குடும்பம் இருக்குல்ல" என்றாள். இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. ஏனென்றால் அவர் கையெழுத்துப் போட்ட அன்று மத்தியானம் நடந்ததை நான் இருவரிடமும் சொல்லவில்லை.

ஷிப்ட் முடியும்வரை வேன் கிடையாது என்று சொல்லிவிட்டதால் அந்தப் பெண் மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உதறிய சேலையைத் திரும்ப மடித்துப் பையில் வைத்திருந்தார். நான் டீ குடிக்கப் போகிறவன்போல வெளியே வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன் என நினைக்கிறேன். என்னைப் பார்த்ததும் அவர் முந்திக்கொண்டார்.

"உங்க மேல வருத்தமில்ல சார். மிஷின் காட்டுறதத்தான நீங்க சொல்ல முடியும்?"

நான் ஏதோ முனகினேன். அவர் ரோட்டைப் பார்த்தார்.

"நாந்தான் நேரத்த தப்பா நெனச்சுட்டேன் போல. பாதி ஷிப்டு நின்னு கெடந்ததுன்னே தோணுச்சு. செத்த நேரமாத்தான் இருந்திருக்கும். இல்லேன்னா இம்புட்டு பேரு சொல்வீகளா? வீட்டுல கேட்டா அப்புடித்தான் சொல்லணும், எனக்குத்தான் தெரியலன்னு. சரித்தான சார்?"

திண்டுக்கல் பஸ் வந்து நின்றது. அவர் படியில் கால் வைத்துக்கொண்டு, பதிலுக்காக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.